பிடிக்குள் மறைந்த எழுத்து

வாள் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் படித்தவன் உள்ளம் புறநானூற்றை நோக்கி ஓடுவது இயல்பு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலையும் அதியமானின் படைக்கலங்கள் கிடந்த கொல்லன் பட்டறையையும் ஔவையார் ஒப்பிட்டுக் காட்டிய பாட்டை வகுப்பில் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். நெய் பூசி மாலை சூட்டிய வேல் ஒருபக்கம். குத்திக் குத்தி நுனி சிதைந்த வேல் ஒருபக்கம். ஆனால் அந்த வேல்களை அடித்த கொல்லன் யார்? எந்த ஊரினன்? எந்த ஆண்டில் அடித்தான்? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. இவை அனைத்தையும் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு, அந்த எழுத்தை எவர் கண்ணிலும் படாதபடி பிடிக்குள் மறைத்து வைத்திருக்கும் வாளும் உலகில் உண்டு. அது ஜப்பானியர் வாள். அத்தகைய வாள் ஒன்று கோலார் தங்கவயலில், எங்கள் நந்திதுர்க்கில், தகரப்பெட்டி ஒன்றுக்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கின்றது என்று சொன்னால் நண்பர்கள் நம்பத் தயங்குவார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

நந்திதுர்க் என்றதும் நந்தி மலைக்கோட்டையை எண்ணிவிட வேண்டா. அந்தக் கோட்டையின் பெயரைத் தாங்கிய தங்கச் சுரங்கமும், அதைச் சுற்றி எழுந்த தொழிலாளர் லைன்களுமே எங்கள் நந்திதுர்க். மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த மக்கள் அங்கே மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினர், பாறையைக் குடைந்தனர், பொன்னை எடுத்தனர், பொன்னை அணியாமலே மறைந்தனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நான் பிறந்தபோது சங்கு ஊதுவது நின்றிருந்தது. எங்கள் தலைமுறை மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பி வரும் தலைமுறை.

பாறையை உடைக்கத் தெரிந்தவனுக்குப் பட்டாளத்தில் எப்போதும் இடம் உண்டு. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் இருக்கிறது. பாலம் கட்டுவதும், பாதை வெட்டுவதும், வெடி வைப்பதும் அவர்கள் தொழில். இரண்டாம் உலகப்போரில் அவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் பணிபுரிந்தனர். எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் வாழ்ந்து மறைந்த சுபேதார் தாத்தா அவர்களில் ஒருவர். அவர் பெட்டியில் பர்மா ஸ்டார் பதக்கம் இருந்தது. அதன் கீழே, பழைய கம்பளி ஒன்றில் சுற்றி, வாளும் இருந்தது.

ஜப்பானியன் வாள் நம்மவர் கைக்கு எப்படி வந்தது? இது கேட்க வேண்டிய கேள்வி. சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளிடம் வாளை வாங்கும் பழைய சடங்கு வேண்டாம் என்று ஜெனரல் மெக்ஆர்தர் கருதினார். பர்மாவில் படை நடத்திய ஜெனரல் ஸ்லிம் அதற்கு இணங்கவில்லை. வாளைக் கையால் ஒப்படைத்தாலன்றித் தோல்வியை அவர்கள் உணரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1956-இல் வெளியான தம் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஜெனரல் கிமுராவின் வாள் தம் வீட்டில் இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறார். 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் இத்தகாகி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். நோயுற்றிருந்த தெராவுச்சி நவம்பர் 30-இல் சைகோனில் தம் வாள்களைக் கொடுத்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதிகள் வரிசையாக வந்து வாள்களை ஒப்படைத்தனர். பெரியவர்கள் வாள் பெரியவர்களுக்குப் போயிற்று. சிறியவர்கள் வாள் ஆயிரக்கணக்கில் குவிந்தது. அது படைப்பிரிவுகளுக்குப் பங்கிடப்பட்டது. ஒவ்வொரு வாளுக்கும் பின்னால் ஒரு வீரக்கதை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எந்த வீட்டிலாவது கதை இல்லாமல் வாள் இருந்ததுண்டா? எங்கள் லைனில் வழங்கிய கதை இது: ஒரு ஜப்பான் ஜெனரல், சுபேதார் தாத்தாவின் முன் தலைகுனிந்து, தன் முன்னோர் நானூறு ஆண்டுகள் வைத்திருந்த வாளைக் கொடுத்தார்.

தாத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆயின. ஆயா இருக்கிறார், எண்பத்தைந்தைத் தாண்டியவர். அவருடைய பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியபோது ஆயாவின் மருமகனுக்கு வாளின் நினைவு வந்தது. பெங்களூரிலிருந்து பழம்பொருள் தரகர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் வாளை உறையிலிருந்து உருவிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு, “உள்ளே எழுத்து இருக்கும். அதைப் படித்தால்தான் விலை சொல்ல முடியும்” என்றார்.

இங்கேதான் நான் வருகிறேன். வேலை கிடைக்கும் என்ற ஆசையால் பெங்களூரில் ஈராண்டு ஜப்பானிய மொழி படித்தவன் நான். இலக்கியச் சுவைக்காகப் படித்தேன் என்று சொன்னால் அது பொய். கணினி நிறுவனங்கள் ஜப்பானியம் தெரிந்தவர்களைத் தேடுகின்றன, அதனால் படித்தேன். நான் அந்த மொழி படிப்பதை ஆயா அறிவார். “கண்ணு, நீ ஜப்பான் எழுத்து படிப்பியாமே. வந்து இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லிட்டுப் போ” என்று அழைத்தார். போவதற்கு முன் பத்து நாள் தவணை கேட்டேன். வாளைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். என் ஜப்பானிய ஆசிரியையிடமும் கேட்டேன். “வாளைப் பற்றி எனக்குத் தெரியாது, எழுத்தைப் பற்றித் தெரியும்” என்றார் அவர். அதுவே போதுமானதாக இருந்தது.

வாளைத் திறக்கும் முன்பே வெளித்தோற்றம் பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். ஜப்பானியப் படை தன் வாள் வகைகளுக்கு எண்ணைப் பெயராக வைத்தது: 94-ஆம் வகை, 95-ஆம் வகை, 98-ஆம் வகை. ஜிம்மு என்ற முதற் பேரரசர் கி.மு. 660-இல் அரியணை ஏறினார் என்பது அவர்கள் மரபு. அதிலிருந்து எண்ணினால் 1934-ஆம் ஆண்டு 2594 ஆகும். அதன் கடைசி இரண்டு இலக்கமே 94. அவ்வாறே 1935-இல் வந்தது 95. 1938-இல் வந்தது 98. இவற்றுள் 95-ஆம் வகை அதிகாரிகளுக்கு உரியது அன்று; ஹவில்தார் நிலையில் உள்ளவர்களுக்கு அரசே வழங்கியது. அதன் பிடி நூல் சுற்றியதுபோல் வார்த்து வண்ணம் பூசிய உலோகம். அலகில் ஓர் எண் வெட்டியிருக்கும். உறையிலும் அதே எண் இருக்கும். கொல்லன் பெயர் இராது. பக்கத்தில் படைச்சாலை முத்திரைகள் இருக்கும். நான்கு வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை கொக்குரா படைச்சாலைக்கு உரியது. 1945 ஆகஸ்ட் 9-இல் இரண்டாவது அணுகுண்டு வீழ்ந்திருக்க வேண்டிய இடம் அந்தப் படைச்சாலைதான்; குறி தெளிவாகத் தெரியாமையால் விமானம் நாகசாக்கிக்குத் திரும்பியது. ஒரு சிறு முத்திரைக்குப் பின்னால் எத்தகைய வரலாறு!

ஆயாவின் வாள் 98-ஆம் வகை. அதிகாரி தம் பணத்தில் வாங்கிக்கொள்வது. பிடியில் திருக்கை மீன் தோல். அதன்மேல் நூல்நாடா சுற்று. பித்தளை உறுப்புகளில் செர்ரிப் பூ வேலைப்பாடு. வண்ணம் பூசிய இரும்பு உறை. பிடியின் நுனியில் ஒரு குஞ்சம் தொங்கியது. அந்தக் குஞ்சத்தைக் கண்டதும் எனக்குச் சிறிது அச்சம் பிறந்தது. ஜெனரல் என்றால் அதில் சிவப்பும் பொன்னும் கலந்திருக்க வேண்டும். மேஜர், கர்னல் என்றால் சிவப்பும் பழுப்பும். இங்கே கண்டது நீலமும் பழுப்பும். அது கேப்டனும் அதற்குக் கீழ்ப்பட்டவர்களும் கட்டுவது. ஆனாலும் குஞ்சம் அவிழ்த்து மாட்டக்கூடிய பொருள். குவியலில் கிடந்தபோது மாறியிருக்கலாம். ஆகவே வாய் திறக்காமல் இருந்தேன்.

பிடியைக் கழற்றுவது கடினம் அன்று. பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். உள்ளே புகுந்திருக்கும் இரும்புக் காம்பு வெளிப்படும். அதை ஜப்பானியர் நகாகோ என்பர். இங்கே ஒரு விதி உண்டு. உயிர்போனாலும் மீறக்கூடாத விதி. காம்பில் ஏறிய துருவைத் துடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, புளி போடக் கூடாது. அலகு பளபளக்கலாம், காம்பு கறுத்தே இருக்க வேண்டும். அந்தத் துருவின் நிறத்தையும் அடர்த்தியையும் பார்த்தே அறிந்தவர்கள் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆயுத பூசை வந்தால் இரும்பென்றும் பித்தளையென்றும் பாராமல் புளி போட்டுத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் பக்தி. அந்தப் பக்தி ஆயாவின் வாளுக்கும் எழுபது முறைக்குமேல் நடந்திருக்கிறது. கைகாப்புத் தட்டின் பூவேலை பாதி தேய்ந்துவிட்டது. நல்லவேளை, பிடியை எவரும் கழற்றியதில்லை. காம்பு தப்பிப் பிழைத்தது.

ஆணியைத் தட்டினேன். பிடியை உருவினேன். கைகாப்பும் அதன் இருபுறத்து வளையத் தகடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரே எண் சிறிதாகப் பொறித்திருந்தது. பட்டறையில் பல வாள்களின் உறுப்புகள் கலந்துவிடாமல் இருப்பதற்காக இட்ட எண் அது. ஆயா அதை விரலால் தடவிப் பார்த்து, “எங்கப்பாவோட டோக்கன் மாதிரி” என்றார். தங்கவயலில் பிறந்தவர்க்கு எண் என்றால் டோக்கன்தான் நினைவுக்கு வரும். மனிதரை எண்ணாக்குவதும் ரேகையாக்குவதும் எங்கள் ஊர் நன்கு அறிந்த செய்தி. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்த ஊர் அது.

காம்பின் இருபுறமும் எழுத்து இருந்தது. உளியால் வெட்டிய எழுத்து. ஒருபுறம் கொல்லனின் ஊரும் பெயரும்; மறுபுறம் காலம். காலத்தை முதலில் படித்தேன்: ஷோவா பதினெட்டாம் ஆண்டு, எட்டாம் திங்கள்.

படித்தவுடன் எனக்கு நினைவு வந்தது எங்கள் மாவட்டத்துக் கல்வெட்டுகள். கோலார் கோலாரம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். சோழர் கல்வெட்டு ஆண்டை எப்படிச் சொல்லும்? அரசன் பெயரைச் சொல்லி, அவனுக்கு இத்தனையாவது யாண்டு என்று சொல்லும். ஜப்பானியர் முறையும் அதுவே. ஷோவா என்பது பேரரசர் ஹிரோஹிட்டோ ஆண்ட காலத்தின் பெயர். அதன் முதல் ஆண்டு 1926. ஆகவே ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். ஷோவா பதினெட்டு என்பது 1943. எட்டாம் திங்கள் ஆகஸ்ட். ஆனால் அந்த மாதத்தில்தான் கொல்லன் அதை அடித்தான் என்று உறுதியாகக் கொள்ள வேண்டா. இரண்டாம் திங்களும் எட்டாம் திங்களும் வாளுக்கு ஏற்றவை என்பது அவர்கள் மரபு. பெரும்பாலான வாள்கள் அவ்விரண்டில் ஒன்றையே சொல்லும். நாம் எல்லாத் திருமணத்தையும் தையிலும் ஆவணியிலும் வைப்பதுபோல.

இன்னொரு வியப்பையும் சொல்ல வேண்டும். நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது ஆண்டுகள் சுழல்வதுபோல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. பத்துப் பெயர்களும் பன்னிரண்டு விலங்குகளும் இணைந்து உண்டாவது. சில வாள்களில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரே இருக்கும். அவ்வாறு எழுதியவற்றுள் புகழ்பெற்றவை தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனம் செய்த வாள்கள். ரயில்வேக் கம்பெனி வாள் செய்தது என்றால் சிரிப்பு வரும். உண்மை அதுதான். மஞ்சூரிய இரும்பைக் கொண்டு, தைரன் நகரத்துத் தன் தொழிற்சாலையில் அது வாள் செய்தது. நம் விக்கிரம ஆண்டாகிய 1940-இன் இளவேனிலில் செய்த வாளில் ‘டிராகன் ஆண்டு, வேனில்’ என்று பொறித்திருக்கும். மறுபுறம் கொல்லன் பெயர் இராது. ‘ஆசியாவின் எழுச்சி, ஒரே உள்ளம், மஞ்சூரிய ரயில்வே செய்தது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

அந்த வரியை நூலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசியாவின் எழுச்சி! ஒரே உள்ளம்! அந்த வாளை இடுப்பில் கட்டியவர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். அங்கே வேறொரு ரயில்வே போட்டார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் வாந்திபேதியிலும் பட்டினியிலும் காட்டுக் காய்ச்சலிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்லும் இல்லை. அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜி தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தார்; அவர் படையில் தோட்டத்துத் தமிழ் இளைஞரும் பெண்களும் சேர்ந்தனர். ஜப்பானியன் வாள் ஒருவனுக்கு விடுதலையின் துணையாகவும் மற்றொருவனுக்குக் கூற்றுவனாகவும் தோன்றிய காலம் அது. இரண்டு கண்ணும் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஒரே உள்ளம்’ என்ற எழுத்து மட்டும் பிடிக்குள்ளேயே இருந்துவிட்டது. வெளியே வரவே இல்லை.

ஆயாவின் வாளில் அந்த வரி இல்லை. எதிர்ப்புறத்தில், ‘மினோ நாட்டுச் செக்கி ஊரில் வாழும்’ என்று தொடங்கிக் கொல்லன் பெயர் வந்தது. பெயரின் முதல் எழுத்து ‘கனே’. செக்கி ஊர்க் கொல்லர் பலர் பெயருக்கும் அதுவே முதல் எழுத்து. பரம்பரை பரம்பரையாக வருவது. அவர் சந்ததியார் இருக்கக்கூடும் என்பதால் முழுப்பெயரை இங்கே எழுதவில்லை. செக்கி இன்றைய கிஃபு மாவட்டத்தில் உள்ள ஊர். எழுநூறு ஆண்டுகளாக இரும்படிக்கும் ஊர். போர்க்கால வாள்களில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. இன்று அங்கே சமையல் கத்தியும் சவர பிளேடும் செய்கிறார்கள்.

பெயருக்கு மேலே, பிடியின் வாயை ஒட்டி, ஒரு சிறு முத்திரை. குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ‘செக்கி’ என்ற ஒற்றை எழுத்து.

இந்த ஒற்றை எழுத்தில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. பழைய முறைப்படி, மணலிரும்பை உருக்கி, மடித்து மடித்து அடித்து, நீரில் தோய்த்துச் செய்த வாளில் இந்த முத்திரை பொதுவாக இராது. படையினர் ஒப்புக்கொண்ட மரபுக் கொல்லர் செய்திருந்தால் நட்சத்திர முத்திரை இருக்கும். கப்பற்படைச் சாலை என்றால் நங்கூரம். செக்கி என்றோ ஷோவா என்றோ முத்திரை இருந்தால், ஆலையில் வந்த எஃகை அடித்து எண்ணெயில் தோய்த்து விரைவாகச் செய்த வாள் என்று பொதுவாகக் கொள்ளலாம். போருக்கு அது போதும். சில இடங்களில் பழைய வாளைவிடவும் உறுதியாக நின்றது என்பார்கள். ஆனால் கலைப்பொருள் அன்று. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரபு முறையில் செய்த வாளையே பதிவுசெய்து வைத்திருக்கலாம். பதிவு செய்வது காவல்துறை அன்று. மாவட்டக் கல்விக் குழு! முத்திரை இட்ட ஆலை வாள் அங்கே வெறும் ஆயுதம். பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால் அழிக்கப்படும். செக்கியில் பிறந்த வாள் செக்கிக்குத் திரும்ப முடியாது, நந்திதுர்க்கில் இருக்கலாம்.

படித்ததைப் படித்தபடியே சொன்னேன். 1943. செக்கி. ஆலை எஃகு. நானூறு ஆண்டு இல்லை.

மருமகன் முகம் வாடியது. தரகர் வாடவில்லை, அவர் என்னைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்தவர். வாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “இந்த முத்திரையையும் ஆண்டையும் அரத்தால் தேய்த்துவிட்டால் போதும். பெயர் மட்டும் நிற்கட்டும். அமிலத்தால் துரு ஏற்ற எனக்கு ஆள் இருக்கிறது. அப்புறம் இது பழைய செக்கி வாள்தான். நீங்கள் கேட்கிற பணம் கிடைக்கும்.” மருமகன் என்னைப் பார்த்தார். “வாங்கப் போகிறவன் எவனோ வெளிநாட்டுக்காரன். ஏமாந்தால் அவன்தானே ஏமாறப்போகிறான்? தம்பி, நீங்கள் இதை வெளியே சொல்லாமல் இருந்தால் சரி” என்றார். அவரை நான் குறைகூறமாட்டேன். மகளின் கட்டணம் அவர் தோளில் இருந்தது. சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர்த் தந்தைமார் பட்ட பாட்டை அருகிருந்து பார்த்தவன் நான். ஆனால் என் நாக்கில் ‘சரி’ என்ற சொல் வரவில்லை. ‘மாட்டேன்’ என்ற சொல்லும் எளிதில் வரவில்லை. அது என் வாள் அன்று.

இத்தகைய தேய்ப்பு புதியது அன்று. முத்திரையைத் தேய்த்தவை, பெயரைப் புதிதாக வெட்டியவை, அடியோடு போலியாகச் செய்து காம்பைக் கறுப்பாக்கியவை என்று எல்லாம் இன்று சந்தையில் உலவுகின்றன. அறிந்தவன் கண்ணுக்கு அவை தப்புவதில்லை. அரம் பட்ட இடத்தில் துரு வேறு நிறமாக இருக்கும்.

ஆயா இதுவரை பேசவில்லை. பெட்டியை மீண்டும் திறந்து, பதக்கத்தை வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு சிறு மரச்சீட்டை எடுத்தார். “இது அந்த உறையில தொங்கிக்கினு இருந்துது. விலைச்சீட்டுன்னு நெனச்சி அவரு கழட்டி வெச்சாரு. இதுலயும் எழுத்து கீது, பாரு” என்றார்.

விலைச்சீட்டு அன்று. சரணடைந்த நாளில் வாளுக்கு உரியவன் கட்டிய சீட்டு. அவ்வாறு பெயர் எழுதிக் கட்டிய சீட்டுகள் பல வாள்களோடு கிடைத்திருக்கின்றன. என்றாவது வாள் தனக்குத் திரும்பிவரும் என்று நம்பி எழுதியவை. மை மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. தரைப்படை லெப்டினன்ட். பெயர். நாகனோ மாவட்டம். அவ்வளவுதான். குஞ்சம் சொன்னது பொய் இல்லை.

“ஜெனரல் இல்லையா?” என்றார் மருமகன்.

“இல்லை. லெப்டினன்ட்.”

ஆயா சற்று நேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். “லெப்டினன்டுன்னா சின்னப் பையனாத்தான் இருந்திருப்பான்” என்றார். பிறகு, “அவன் ஊருக்குப் போய்ச் சேந்தானா?” என்று கேட்டார்.

அதற்குச் சீட்டில் விடை இல்லை. சரணடைந்தவர்களில் பலரை மலாயாவிலும் பர்மாவிலும் 1947 வரை வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள், பிறகு கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் ஊர் சேர்ந்தனர். அவ்வளவு மட்டும் சொன்னேன். ஆயா தலையசைத்தார். தரகர் பக்கம் திரும்பி, “ஏம்பா, செஞ்சவன் ஒருத்தன் பேரு எழுதிக்கிறான். கட்டினவன் ஒருத்தன் பேரு எழுதிக்கிறான். நடுவுல நீ வந்து அரத்தப் போடுவியா? எங்க ஊட்டுக்காரரு ஜெனரல்கிட்ட வாங்கலன்னா போகுது. போய்ட்டு வா” என்றார்.

தரகர் போய்விட்டார். மருமகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கட்டணத்துக்கு ஆயாவின் காதுத்தோடு அடகுக்கடைக்குப் போனது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். பேத்தி இப்போது முதலாண்டு படிக்கிறாள்.

வாள் கடல் கடக்க முடியாது. சீட்டு கடக்கலாம் அல்லவா? ஆயாவின் சொற்களைக் கேட்டு ஜப்பானியத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ஆசிரியை நான்கு இடங்களில் திருத்தினார். சீட்டின் படத்தை இணைத்து நாகனோ மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். உரியவர் குடும்பம் கேட்டால் சீட்டையே அனுப்புவதாக ஆயா எழுதச் சொன்னார். கேட்காவிட்டால் பதக்கத்தோடு பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார். மறுமொழி இன்னும் வரவில்லை.

வாளை மீண்டும் பூட்டிய நாளில் ஒரு சிறு இடையூறு நேர்ந்தது. பழைய மூங்கில் ஆணி உளுத்துப் போயிருந்தது, துளையில் நிற்கவில்லை. எதிர்வீட்டு ஆசாரி, பழைய தட்டிச்சுவரிலிருந்து ஒரு துண்டு மூங்கிலை ஒடித்து, கத்தியால் சீவி, இரண்டுமுறை அளவு பார்த்து, புதிய ஆணி செய்து அடித்தார். பிடி அசையாமல் நிற்கிறது.